இடது கை நிற்கும் இடம்

அன்பு மகனே,

இந்த வாரம் முழுக்க என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாய். சட்டைகளை மடிக்கும்போதும் கேட்டாய், பெட்டியை எடை பார்க்கும்போதும் கேட்டாய். "இன்னாம்மா, வாயையே தொறக்க மாட்டேங்குற? புள்ள பெரிய ஆளாயிப் போறான், ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" குஜராத் ஆலைக்குப் பாதுகாப்புத் துறைத் தலைவராகப் போகிறாய். நான் எலுமிச்சை ஊறுகாய் போட்டுக் கொடுத்தேன், பருப்புப்பொடி அரைத்துக் கொடுத்தேன், வாழ்த்து மட்டும் சொல்லவில்லை. நேரில் பேச உட்கார்ந்தால் நீ ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்கவைத்துவிடுவாய். சின்ன வயதிலிருந்து உனக்கு அந்த வித்தை கைவந்தது. அதனால்தான் எழுதுகிறேன். நான் அறிவியல் டீச்சராக இருந்தவள். எதையும் முதலிலிருந்து படிப்படியாகச் சொன்னால்தான் எனக்கு வரும். பொறுமையாகப் படி. கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே.

நாம் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தது புத்தகத்துக்காக இல்லை, மின்விசிறிக்காக. பள்ளி விட்டதும் ஸ்ரீபெரும்புதூர் வந்து அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டும். பஸ் நிலையத்தில் வெயில். பக்கத்துத் தெருவில் கிளை நூலகம். செய்தித்தாள் மேசையை எப்போதும் பெரியவர்கள் பிடித்துவைத்திருப்பார்கள். நாவல் எடுத்தால் பஸ் வருவதற்குள் முடியாது. மூலையில் ஓர் அலமாரி நிறைய ஒல்லிப் புத்தகங்கள். நான் அந்தப் பக்கம் நகர்ந்ததும் நூலகர் சொன்னார்: "இன்னா டீச்சர், அங்க பல்லியும் கவிதையும்தான் கீது. ரெண்டையும் யாரும் தொட மாட்டாங்கோ." உனக்குப் பல்லி வேண்டியிருந்தது. ஒவ்வொரு புத்தகமாக இழுத்து அதைத் தேடினாய். பல்லி ஓடிவிட்டது. கையில் ஒரு புத்தகம் மிஞ்சியது. விரித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, பாதிப் பக்கம் காலியா கீது. அச்சடிக்க மறந்துட்டாங்களா?" என்று கேட்டாய். எனக்குத் தெரிந்த கவிதை எல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து, அடி பிறழாமல் எழுதி, மதிப்பெண் வாங்கியதோடு மறந்துபோனவை. ஒரு கவிதையைச் சும்மா படிக்கலாம் என்பதே அந்த வயது வரை எனக்குத் தெரியாது.

அந்தப் புத்தகத்தின் முன்பக்கம் கிழிந்திருந்தது. எழுதியவர் யார் என்று இன்றுவரை தெரியாது. அதில் ஒரு கவிதை. ஒரு பெண் சாயங்காலம் வாசல் கூட்டுகிறாள், வாசலில் கிடக்கும் செருப்புகளை வரிசையாக வைக்கிறாள், பிறகு ஒவ்வொன்றையும் சற்றுத் தள்ளித்தள்ளி வைக்கிறாள், விளக்கேற்ற உள்ளே போகிறாள். அவ்வளவுதான். நான் சொன்னேன், "இதுல ஒண்ணும் இல்லியேடா. வாசல் கூட்டுறாங்க." நீ அந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தாய். பிறகு, "அவங்க ஏம்மா செருப்பத் தள்ளித் தள்ளி வெக்கிறாங்க? நடுவுல ஒரு ஜோடி இல்ல. அந்த எடம் தெரியக் கூடாதுன்னு வெக்கிறாங்க. அவங்க வூட்ல யாரோ செத்துட்டாங்கம்மா" என்றாய். ஆய்வுக்கூடத்தில் நிறமில்லாத இரண்டு கரைசல்களைக் கலந்ததும் சட்டென்று ஒரு நிறம் எழும்பும் பார், எத்தனை முறை செய்துகாட்டினாலும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அன்று அப்படித்தான் ஆயிற்று. பஸ் போய்விட்டது. நாம் அடுத்த கவிதையைப் புரட்டிக்கொண்டிருந்தோம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடித்தோம். அதன்பிறகு அந்த அலமாரியில் நாம் தொடாத புத்தகம் இல்லை. கவிதை சொல்லாமல் விட்டது எது என்று முதலில் கண்டுபிடிப்பவர் ஜன்னலோர சீட்டில் உட்காரலாம். பெரும்பாலும் நீதான் உட்கார்ந்தாய். உன் அப்பா கேலி செய்வார்: "ஆத்தாளும் புள்ளையும் எழுதாததயெல்லாம் படிக்கறாங்கோ. எழுதினத யார்டா படிக்கிறது?"

அவர் போனபோது நீ கல்லூரியில் இருந்தாய். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் அத்தை அவருடைய செருப்பைத் தூக்கிப் போடப் போனாள். நீ அதை வாங்கி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தாய். "அம்மாவே எடுக்கட்டும், அத்த. அதுவரைக்கும் இருக்கட்டும்" என்றாய். எனக்கு எடுக்கப் பல மாதங்கள் ஆயின. அத்தனை மாதங்களும் வந்தவர் போனவர் எல்லோரும் அதைத் தாண்டித்தான் நடந்தார்கள். அன்று நினைத்தேன், நூலகத்தில் அத்தனை சாயங்காலங்கள் வீண் போகவில்லை, இவன் படித்தது மனிதர்களிடம் நடந்துகொள்ளும் விதமாக இவனுக்குள் இறங்கியிருக்கிறது என்று. அந்த நினைப்பில்தான் இத்தனை வருடம் நிம்மதியாக இருந்தேன்.

ஒரகடம் ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாகச் சேர்ந்த புதிதில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாடம் நடத்தினாய். இரண்டு டம்ளர்களைக் கவிழ்த்து வைத்து, நடுவில் ஓர் இட்லியை வைத்தாய். "இட்லிதாம்மா தகடு. மேல இருந்து பிரஸ் எறங்கும். இந்த டம்ளர் ரெண்டும் பட்டன். ரெண்டையும் ஒரே நேரத்துல அழுத்துனாதான் எறங்கும். ரெண்டு கையும் பட்டன்ல இருந்தா உள்ள போறதுக்கு மூணாவது கை ஏது?" எவ்வளவு அழகான ஏற்பாடு என்று வியந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கும் அதையே உதாரணமாகச் சொன்னேன். "யாராவது ஏமாத்துனா?" என்று கேட்டதற்கு, "ஒரு பட்டன அழுத்தி அதும்மேல டேப்ப ஒட்டிட்டா ஒத்தக் கையில ஓடும். வேகமா ஓடும். அத புடிக்கறதுதான் என் வேலயே" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாததைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு உன்னைவிடப் பொருத்தமானவன் யார்?

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மதியம், காரக்குழம்பு, அப்பளம். நீ போனை எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாய். பாதுகாப்பு வாரத்துக்குத் தொழிலாளர்களிடம் கவிதை கேட்டிருந்தீர்கள். வருடா வருடம் வரும் கவிதைகளைச் சொல்லி என்னைச் சிரிக்கவைப்பாய், ஹெல்மெட்டும் உயிரும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொள்ளும் கவிதைகள். இந்த முறை சிரிக்கவில்லை. "இதப் பாரும்மா. பேர மறச்சிட்டேன். இதுல ஒண்ணு கீது, எனக்குக் கையில சிக்க மாட்டேங்குது. நீ சொல்லேன்" என்றாய். சோற்றுக் கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு படித்தேன்.

வலது கை அழுத்த
வானம் இறங்கி வந்து
தகட்டை முத்தமிட்டுப் போகிறது.
இடது கை
அது இறங்கும் இடத்தில் நின்று
ஊருக்கு வழி கேட்கிறது.

உனக்கு நினைவிருக்கிறதா, எனக்கு எவ்வளவு சந்தோஷம்! வீட்டை விட்டு வந்த பையன், அந்த இரும்பை வானம் என்கிறானே, கையை வழி தவறிய ஆளாக நிறுத்தியிருக்கிறானே என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். நீ பொறுமையில்லாமல், "அதெல்லாம் சரிம்மா, சொல்லாதத சொல்லு" என்றாய். நமது பழைய விளையாட்டு. ஜன்னலோர சீட்டுக்கு ஆசைப்பட்டவள் மாதிரி மறுபடி படித்தேன். சட்டென்று புரிந்தது. "டேய், வலது கை மட்டும்தானே அழுத்துது? எடது கை பிரஸ்ஸுக்கு அடியில நிக்குதே! நீ ரெண்டு கையும் வேணும்னு சொன்னியே?" நீ மேசையைத் தட்டினாய். "அதான்! அதாம்மா! ஒரு பட்டன டேப் போட்டு வெச்சிருக்கானுங்க!" தட்டில் சோறு இருக்கும்போதே போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாய். அந்த டேப்பைப் பிய்க்கச் சொல்லத்தான் போகிறாய் என்று நினைத்து உன் தட்டை மூடி வைத்தேன். என் மகனும் நானும் சேர்ந்து படித்த கவிதை ஒரு கையைக் காப்பாற்றப் போகிறது என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அந்தக் கவிதையை எழுதிய இசக்கிமுத்துவை எனக்கு முன்பே தெரியும், எழுதியது அவன்தான் என்று மட்டும் அன்று தெரியாது. உன்னிடம் சொன்னதில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியதுமில்லை. நூலகத்தில் அதே மூலைக்கு வரும் பையன். திருநெல்வேலிப் பக்கம். தகரக் கூரை போட்ட அறையில் மூன்று ஷிப்ட் ஆட்களும் மாறி மாறித் தூங்குகிறார்கள், பகலில் அங்கே இருக்க முடியாது, அதனால் அவனும் மின்விசிறிக்காக வந்தவன்தான். ஒருநாள் நான் தேடிய புத்தகம் அவன் கையில் இருந்தது. அப்படிப் பேச ஆரம்பித்தோம். "நாவல்னா ஷிப்ட் மாறும்போது கதையில வார ஆளுக மறந்துபோவுதாவ, டீச்சர். கவிதைன்னா டீ குடிக்கதுக்குள்ள படிச்சிரலாம். ஆனா ஷிப்ட் முழுக்க மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே கெடக்கும்" என்று ஒருமுறை சொன்னான். தானும் எழுதுவதாக அவன் சொன்னதே இல்லை.

போன வாரம் நூலகத்துக்கு வந்தான். எடுத்திருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்தான், வேறு எடுக்கவில்லை. கையில் புது ஹாட்பேக். "என்னப்பா, கல்யாண வூட்டுக்குப் போறியா?" என்று கேட்டேன். "கவிதைக்கு முதப் பரிசு, டீச்சர்" என்றான். நான் கை தட்டினேன். அவன் சிரிக்கவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து முழுவதையும் சொன்னான். நீ உன் நியாயத்தோடுதான் அதை அறிந்திருப்பாய். அவன் வாயில் வந்தபடி கேள்.

"ஹெச்.ஆர். ரூமுக்குக் கூப்ட்டாவ. பிளாண்ட் ஹெட்டு, சேஃப்டி சாரு, இன்னொருத்தரு. மேசை மேல என் கவிதை. சேஃப்டி சாருதான் வரி வரியா வாசிச்சாரு. எடது கை எங்க நிக்கின்னு கேட்டாரு. டீச்சர், சத்தியமா சொல்லுதேன், மொதல்ல எனக்குப் பயமே வரல. சந்தோசந்தான் வந்துச்சு. நான் எழுதுனத இப்பிடி ஒருத்தரு படிச்சிருக்காரேன்னு. வாயால சொன்னா ட்ரெய்னிய அடுத்த நாளே வெளிய அனுப்பிருவாவ. அதான் கவிதையில போட்டேன். வெளங்குதவருக்கு வெளங்கட்டும்னு. வெளங்கிட்டு! இனி டேப்ப எடுத்துருவாவன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் கேக்காவ, பாதுகாப்புக் கருவிய நீயே கட்டிப்போட்டு வேலை செஞ்சேன்னு ஒத்துக்கிடுதியா, இல்ல இது வெறும் கற்பனைன்னு எழுதித் தாரியா. ஒத்துக்கிட்டா வேலை போவும். கற்பனைன்னா பரிசு. டேப்ப ஒட்டுனது சூப்பர்வைசரு, டீச்சர். அத யாரும் கேக்கல. வீட்ல தங்கச்சி படிக்கா. எழுதிக் குடுத்துட்டேன். அந்த வரிகளயும் சாரே மாத்தித் தந்தாரு."

மாற்றிய கவிதையை அவன் என்னிடம் சொன்னான். இரு கை அழுத்த வானம் இறங்கி வருகிறது, இரு கையும் பத்திரமாய் ஊருக்கு வழி சொல்கிறது. தாளம்கூடத் தப்பவில்லை. நன்றாகத்தான் மாற்றியிருக்கிறாய், மகனே. கவிதை தெரியாதவன் மாற்றியிருந்தால் நொண்டியிருக்கும். "மேடையில நான் படிக்கும்போது சாரு பின்னால நின்னு கூடவே வாயசைச்சாரு. பழசப் படிச்சிருவேனோன்னு பயம் போல" என்றான். டேப் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "பழசு பிஞ்சுபோயிருந்துச்சுல்லா? புதுசு ஒட்டிருக்காவ. ஆடிட்டு வார அன்னைக்கு மட்டும் எடுத்துருவாவ."

அந்த சேஃப்டி சார் என் மகன், கவிதையை முதலில் என்னிடம்தான் காட்டினான் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு அப்படி உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அவன் எழுந்து நின்றுவிட்டான், என்னை அதிகாரியின் அம்மாவாகப் பார்த்து. பிறகு மெதுவாகக் கேட்டான், "அப்ப எடது கைய மொதல்ல பாத்தது நீங்களா, டீச்சர்?" ஆமாம் என்றேன். அலமாரிப் பக்கம் திரும்பினான். "நல்லாத்தான் படிச்சிருக்கீக" என்றான். இனி படிப்பதில்லை, பஸ்ஸில் தூங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, ஹாட்பேக்கை எடுத்துக்கொண்டு போனான்.

அன்று நீ வந்ததும் கேட்டேன். நீ மறைக்கவில்லை, அதுவரை நல்லது. "அம்மா, அவன் வேலய நான்தான் காப்பாத்துனேன். அவங்க வெளிய அனுப்பறதுக்கே இருந்தாங்கோ. பரிசும் வாங்கிக் குடுத்தேன். வேற இன்னா பண்ணணும்ன்ற?" டேப்பை எடு என்றேன். "எடுத்தா லைன் வேகம் பாதியாவும். லைன் நின்னா எவன் பதில் சொல்றது? எனக்கு இன்னும் ஒரு வாரம்தாம்மா அங்க வேல. வர்றவன் பாத்துப்பான்." பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்: "ஒரு கவிதைக்கு இவ்ளோ சீனா?"

உனக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன், நீ என் வகுப்பில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். தெர்மாமீட்டரை வாயில் வைக்கிறோம், பாதரசம் மேலே ஏறி நிற்கிறது. அதை வெளியே எடுத்து உதறினால் பாதரசம் கீழே இறங்கிவிடும். தெர்மாமீட்டர் சரியாகிவிட்டது. குழந்தை சுட்டுக்கொண்டே கிடக்கிறது. படிக்கத் தெரியாதவன் உதறினால் அவனை மன்னிக்கலாம், அவனுக்கு அது வெறும் கண்ணாடிக் குழாய். நீ எண்ணைப் படித்தாய். சரியாகப் படித்தாய். உனக்குச் சரியாகத் தெரியவில்லையோ என்று சந்தேகம் வந்தபோது என்னிடம் கொண்டுவந்து படிக்கச் சொன்னாய். அதன்பிறகு உதறினாய்.

கவிதை படிக்கிறவர்கள் நல்லவர்களாகிவிடுவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். இந்த வயதில் அது போயிற்று. படித்தால் கண் கூர்மையாகும், அவ்வளவுதான். கூர்மையான கண்ணை வைத்துக்கொண்டு ஒருவன் எதையும் செய்யலாம். உன் சக அதிகாரிகள் யாருக்கும் அந்தக் கவிதை புரிந்திருக்காது. ஓர் ஆறுதல் பரிசு கொடுத்துவிட்டு மறந்திருப்பார்கள். அந்த ஆலையில் அவனைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நீ. அவன் யாருக்காக எழுதினானோ அந்த ஆளும் நீயேதான். அவனுக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். உன் கண்ணுக்கு முன்னால் அவன் நீட்டிய கையை நீ பிரஸ்ஸுக்கு அடியிலேயே விட்டுவிட்டு, பக்கத்தில் நின்று கைதட்டினாய். உன்னை வைவதற்காக இதை எழுதவில்லை. நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கணக்கு தப்பானால் எங்கே தப்பு என்று வரியைக் காட்டாமல் நான் விட்டதில்லை. அதைத்தான் இப்போதும் செய்கிறேன்.

இனி, நான் என்ன செய்திருக்கிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இசக்கியைத் தேடி அவன் பஸ் ஏறும் இடத்துக்குப் போனேன். புகார் கொடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் மிரண்டான். "என் பேரு வருமா, டீச்சர்?" என்றான். "உன் பேர் வராது. வேற ஒரு பேர் வரும்" என்றேன். "அப்ப சரி" என்று சொல்லும்போது அவன் பஸ் வந்துவிட்டது. நேற்று தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போய் என் கையாலேயே மனு எழுதிக் கொடுத்தேன். அந்த பிரஸ் எப்படி ஓட வேண்டும் என்று எழுதினேன், நீ டம்ளர் வைத்துச் சொன்னது போலவே. எப்படி ஓடுகிறது என்று எழுதினேன், நீ என் மேசையில் சொன்னது போலவே. ஆடிட் நாளில் டேப் இருக்காது, வேறு நாளில் சொல்லாமல் வாருங்கள் என்றும் எழுதினேன். கவிதையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவனிடம் நீங்கள் கற்பனை என்று எழுதி வாங்கிய தாள் இருக்கிறதே, அது இப்போது அவனுக்குக் கவசம். அவன் எதையும் வெளியே சொல்லவில்லை என்பதற்கு உங்கள் கோப்பிலேயே அவன் கையெழுத்து இருக்கிறது.

இந்த விவரம் எனக்கு யார் மூலம் தெரியும் என்பதற்கு உன் பெயரையும் பதவியையும் எழுதினேன். அந்த அலுவலகத்துப் பெண் மனுவைப் படித்துவிட்டு நிமிர்ந்து, "யாரும்மா இவர்?" என்று கேட்டாள். "என் பையன்." "உங்க பேர வெளிய சொல்ல மாட்டோம். ஆனா இதப் படிச்சா அவர்தான் சொல்லியிருக்காருன்னு அவர் கம்பெனியில நெனப்பாங்களே. அவருக்குத் தெரியுமா?" "எழுதித் தெரியப்படுத்திடுவேன்" என்றேன். அவள் மனுவை என்னிடமே திருப்பி நீட்டினாள், யோசித்துக்கொள்ளுங்கள் என்பது போல. நான் வாங்கவில்லை.

ஆய்வுக்கு அவர்கள் நீ கிளம்பும் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே வரலாம், நீ போன பிறகும் வரலாம். எப்படியும் உன்னைக் கேட்பார்கள். உன் பதவி உயர்வு நிற்கலாம், வேலையும் போகலாம், அது தெரிந்துதான் எழுதினேன். நீ தப்பித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, அதையும் நானே சொல்கிறேன்: அம்மாவுக்கு வயதாகிவிட்டது, கவிதை படித்துப் படித்து இல்லாததெல்லாம் அவளுக்குத் தெரிகிறது, இது அவளுடைய கற்பனை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். நம்புவார்கள். என்னைக் கூப்பிட்டு உன் தாளைக் காட்டி, இது உங்கள் மகன் கையெழுத்தா என்று கேட்பார்கள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அவசரப்படாமல், ஒரு வரி விடாமல் படிப்பேன். படித்துவிட்டு, கையெழுத்துக்கு மட்டும் ஆமாம் என்பேன்.

உன் அம்மா